விந்து தானம்: திருச்சபை தடுப்பது எதை?

ஆசிரியர் அவர்களுக்கு,

குழந்தையின்மைச் சிகிச்சை முழுவதையுமே கத்தோலிக்கத் திருச்சபை தடுக்கிறது என்ற எண்ணம் தவறு. ஹார்மோன் மருந்து, கருக்குழாய் அடைப்பு நீக்கம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு வெளியே வளர்தல்) அறுவை சிகிச்சை ஆகியவற்றை 2008ஆம் ஆண்டின் வத்திக்கான் அறிவுரை ஏற்கிறது. தம்பதியருக்கு முதல் சிக்கல் விந்துப் பரிசோதனையிலேயே வருகிறது. சுய இன்பம் பாவம் என்பதால், கருத்தடை ஆகாதபடி சிறு துளையிட்ட பரிசோதனை உறையைத் தாம்பத்திய உறவில் அணிந்து மாதிரி எடுப்பதை அறநெறி இறையியலாளர் பலர் ஏற்கின்றனர். கடையில் விற்கும் ஆணுறை உதவாது. அதன் பூச்சு விந்தணுக்களின் அசைவைக் குறைத்து முடிவையே கெடுத்துவிடும். மாதிரி குளிராமல், ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். இதைச் சொல்லித்தர ஆலயங்களில் ஏனோ கூச்சம்!

பிறர் விந்தை 1987ஆம் ஆண்டின் அறிவுரையிலும் வத்திக்கான் வெளிப்படையாக மறுக்கிறது: மூன்றாமவர் மணஉறவுக்குள் நுழைகிறார், பிள்ளை தன் வேரை இழக்கிறது. கணவரின் விந்தாலான சோதனைக் குழாய் முறைக்கும் அங்கே அனுமதி இல்லை. புராட்டஸ்தாந்தினர் பலர் அதை ஏற்பர். கருப்பையில் வைக்காமல் மிஞ்சும் கருக்களே அவர்களுக்கு உறுத்தல். உருவாக்கும் கருக்கள் அனைத்தையும் கருப்பையில் வைப்பதாக இருந்தால், எத்தனை முட்டைகளைக் கருவாக்குவது என்பதை மருத்துவரிடம் முன்பே எழுதித் தர வேண்டும்.

இந்தியாவின் 2021 செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி விந்துக் கொடையாளர் வயது 21 முதல் 55; ஒருவர் விந்து ஒரு தம்பதிக்கே. ஆனால் பிரிட்டனில் 2005 ஏப்ரலுக்குப் பின் பதிவான கொடையாளரை, பிறந்த பிள்ளை 18 வயதில் அறியலாம், இங்கே முடியாது.

இப்படிக்கு,
வாசகர்