கட்டம் மாறிய ஓட்டுச்சீட்டு

எடிசன், நியூ ஜெர்சி
நவம்பர் 9, 2025

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும்தான் எனக்கு நிம்மதி. கொஞ்ச நாளைக்கு அவரைத் தனியாகப் படியிறங்க விடாதே.

"கவர்னருக்கு எதற்குடா தேர்தல்?" என்று கேட்டிருக்கிறாய். நம் ஊரில் அவர் டெல்லியிலிருந்து வருகிறவர். இங்கே கவர்னர் என்றால் நம் முதலமைச்சர் மாதிரி. பட்ஜெட், பள்ளிக்கூடங்களுக்கான நிதி, நீதிபதிகள் நியமனம் எல்லாம் அவர் கையில். போன செவ்வாய்க்கிழமை டெமாக்ரடிக் கட்சியின் மிக்கி ஷெரில் ஜெயித்தார். கடற்படையில் ஹெலிகாப்டர் ஓட்டியவர். எதிர்த்து நின்ற ரிபப்ளிகன் கட்சியின் ஜாக் சியாட்டரெல்லி 2021இல் சுமார் 3 சதவீதத்தில்தான் தோற்றவர் என்பதால் இழுபறியாக இருக்கும் என்று நினைத்தோம். வித்தியாசம் 13 சதவீதத்தையும் தாண்டிவிட்டது.

ஆனால் எனக்கு மனசில் நிற்பது ஜூன் மாதம்தான். பொதுத்தேர்தலுக்கு முன்னால், கட்சியின் வேட்பாளர் யார் என்பதையே மக்கள் ஓட்டுப் போட்டு முடிவு செய்கிறார்கள். பிரைமரி என்று பெயர். இத்தனை வருடமும் எந்தக் கட்சியிலும் பதியாமல் இருந்த நான், இந்த முறை டெமாக்ரடிக் என்று எழுதிக்கொடுத்தேன். ஓட்டுச்சீட்டு தபாலில் வந்தது. சாப்பாட்டு மேஜையில் விரித்து வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கவர்னர் பதவிக்கு ஒரே கட்டம். அதில் ஆறு பேரும் சமமாக.

இதில் என்ன அதிசயம் என்பாய். முன்பெல்லாம் 'கவுண்டி லைன்' என்று ஒன்று இருந்தது. மாவட்டக் கட்சிக்காரர்களுக்கு வேண்டியவர்கள், மேல் பதவியிலிருந்து உள்ளூர் பதவி வரை, ஒரே வரிசையில் பளிச்சென்று நிற்பார்கள். மற்றவர்கள் எங்கோ ஒரு மூலையில். பந்தியில் வேண்டியவர்களுக்கு நடு இலை, மற்றவர்களுக்குக் கொல்லைப்புறம் என்ற கதைதான். 2024இல் செனட்டுக்கு நின்ற ஆண்டி கிம் வழக்குப் போட்டார். அந்த வரிசைக்கு நீதிமன்றம் தடை விதித்தது. பிறகு சட்டமே மாறியது. கவர்னர் தேர்தலில் அந்த வரிசை இல்லாமல் ஓட்டுப் போட்டது இதுதான் முதல் முறை.

நான் நியூவர்க் மேயர் ராஸ் பராக்காவுக்குப் போட்டேன். ஜெயித்தது ஷெரில்தான், சுமார் 34 சதவீதத்தில். கட்சி அமைப்புகளின் ஆதரவும் அவருக்குத்தான் நிறைய. ஆனால் அந்த ஆதரவு பெரிதாக இல்லாமலே பராக்கா இரண்டாவதாக வந்தார், பார். பழைய சீட்டாக இருந்தால் அவர் பெயரைத் தேடித்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். அதனால் தோற்றாலும் எனக்கு வருத்தமில்லை. நவம்பரில் மனசாரவே ஷெரிலுக்குப் போட்டேன்.

இங்கே எல்லார் வாயிலும் ஒரே பேச்சு, கரண்ட் பில். ஜூனிலிருந்து ஏறக்குறைய 20 சதவீதம் கூடிவிட்டது. பதவியேற்ற அன்றே கட்டண உயர்வை நிறுத்தி வைக்க நடவடிக்கை எடுப்பேன் என்று சொல்லித்தான் ஷெரில் ஓட்டுக் கேட்டார். பதவியேற்பு ஜனவரி 20. பிப்ரவரி பில் வந்ததும் எழுதுகிறேன்.

அன்புடன்,
குமார்