கேட்டுக்கும் காருக்கும்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நம் வீட்டு இரும்பு கேட்டின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "பச்சை அடிக்கச் சொன்னால் செங்கல் கலரில் அடித்து வைத்திருக்கிறாயே நைனா" என்று கேட்டாய். அது ரெட் ஆக்சைடு பிரைமர் அம்மா, துரு பிடிக்காமல் இருக்க இரும்பில் முதலில் அடிக்கிற சிவப்புப் பூச்சு. பச்சை இன்னும் டப்பாவில்தான் இருக்கிறது.

ராயபுரத்துக் கடல்காற்றில் இருக்கிற உப்பு இரும்பின் மேல் படிந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அதைக் கழுவாமல் பளபளவென்று எனாமல் அடித்தால், கொஞ்ச நாளிலேயே கொப்புளம் கிளம்பிவிடும். அதனால் முதலில் கழுவினேன். போர் தண்ணீரில் இல்லை, அதுவே உப்பு, மெட்ரோ தண்ணீரில். காய்ந்ததும் கம்பி பிரஷ், உப்புத்தாள், டர்பன்டைன் துணி. துரு மறுபடி பூப்பதற்குள் அன்றைக்கே பிரைமர். வெல்டிங் வைத்த இடங்களுக்கும் அடிப்பட்டைக்கும் இரண்டு கை.

பழைய பெயிண்டை மட்டும் நனைத்துத்தான் சுரண்டினேன். அந்தக் காலத்துப் பெயிண்டில் ஈயம் இருக்கும், தூசு மூக்கில் ஏறக் கூடாது. 2016இல் போட்ட விதிக்கு அப்புறம்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று ஆனது. துறைமுகத்தில் வேலை பார்த்தபோது நாங்கள் இதையெல்லாம் யோசித்ததே இல்லை.

இனி அண்டர்கோட். பிரைமர் இரும்பைப் பிடித்துக்கொள்ளும், சிவப்பை மறைப்பது அண்டர்கோட் வேலை. நேரடியாக இளம்பச்சை அடித்தால் மூன்று கை அடித்தாலும் சிவப்பு எட்டிப் பார்க்கும். அண்டர்கோட்டில் பளபளப்பு இருக்காது, அதனால் மேலே வரும் எனாமல் நன்றாகப் பிடிக்கும். இதற்கு ஆன செலவைத்தான் நீ "தண்டம்" என்கிறாய். சரி, இருக்கட்டும்.

உன் காருக்கு அடியில் அண்டர்கோட் அடிக்கச் சொல்கிறார்களே, அது வேறு சரக்கு. டொரண்டோவில் பனிக்காக ரோட்டில் உப்புக் கொட்டுகிறார்கள், அது அடித்தகட்டைத் தின்றுவிடும் என்பது நியாயம்தான். ஆனால் நீ வாங்கியது பழைய கார். ஏற்கெனவே துரு பிடித்திருந்தால், கெட்டியான கறுப்பு ரப்பர் பூச்சு அதன் மேல் வேண்டாம். விரிசல் விட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே வராது, உனக்கும் தெரியாது. எண்ணெய் மாதிரி தெளிக்கிற வகை இடுக்கெல்லாம் ஊறிப் போகும், வருஷா வருஷம் திரும்ப அடிக்க வேண்டும். இதில் எந்த வகையை அடிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடு. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டைகளை அடைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடு.

அப்புறம் உன் ஹஸ்கி நாய். முடி கொட்டுகிறதென்று வெயில் காலத்தில் மொட்டை அடித்துவிடாதே. அடியில் இருக்கிற மெத்தென்ற முடியும் மேல்முடியும் சேர்ந்துதான் குளிரையும் வெயிலையும் தாங்குகின்றன. மழித்தால் தோல் வெந்துபோகும், முடியும் பழையபடி வளராமல் போகலாம். பல் நீளமான சீப்பாக வாங்கி, உதிர்கிற அடிமுடியை மட்டும் வாரி எடு. வீட்டுக்குள் வேண்டாம், பால்கனியில் வைத்து வாரு.

உன்
நைனா