பெட்டிச் சாப்பாடா, வாரக் கூட்டமா?

அன்புள்ள மகனுக்கு,

நீ அனுப்பிய இரண்டு விளம்பரத் தாள்களையும் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தேன். ஒன்று, மூன்று வேளைக்கும் அளந்து சமைத்து அடைத்த பெட்டிகளை வாசலுக்கே கொண்டுவந்து தரும் நிறுவனத்துடையது. மற்றொன்று, வாரம் ஒரு முறை எடை பார்த்து, சாப்பிட்டதையெல்லாம் எழுதி வைக்கச் சொல்லி, பத்திருபது பேரோடு உட்கார்ந்து பேச வைக்கும் திட்டத்துடையது. "எது நல்லது அம்மா?" என்று ஒரே வரியில் கேட்டுவிட்டாய். இரண்டிலும் பணம் கட்டி, இரண்டிலும் இளைத்து, ஒன்றில் மறுபடியும் பெருத்தவள் நான். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை.

முதலில் உன் இலக்கைப் பற்றி ஒரு வார்த்தை. சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறாய் என்று மருத்துவர் சொன்னதும் நீ இருபத்தைந்து கிலோ குறைக்கக் கிளம்பிவிட்டாய். உன்னைப் போன்ற நிலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வில், அவர்களுக்கு வைத்த இலக்கு உடல் எடையில் 7 சதவீதம்தான். உணவை மாற்றி, வாரத்துக்கு 150 நிமிடம் நடக்கவும் சொன்னார்கள். அந்தக் குழுவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உன் 92 கிலோவில் 7 சதவீதம் என்பது ஆறரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஆறரைக் கிலோவை எந்த வழியில் இறக்கினால் திரும்ப ஏறாது என்பதுதான் நாம் பேச வேண்டிய விஷயம்.

நீ விடுதியில் இருந்த காலத்தில் நான் ஐந்து மாதம் பெட்டிச் சாப்பாடு சாப்பிட்டேன், உனக்குச் சொல்லவில்லை. மேலே ஒட்டியிருக்கும் மெல்லிய தாளின் ஒரு மூலையைத் தூக்கிவிட்டு, மைக்ரோவேவில் நான்கு நிமிடம் வைத்து எடுத்தால், மூன்று குழிகள் உள்ள தட்டில் ஆவி பறக்கும். யோசிக்க ஒன்றுமில்லை. அலுவலகத்தில் ஆண்டுக் கணக்கு முடிக்கும் மாதங்களில் அந்த யோசனையின்மை எனக்கு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்பதை நான் மறைக்க மாட்டேன். எடையும் 8 கிலோ இறங்கியது. அதில் மாயம் எதுவும் கிடையாது. நாளொன்றுக்கு உடல் செலவழிப்பதைவிட 500 கலோரி குறைவாகச் சாப்பிட்டால் தொடக்கத்தில் வாரத்துக்கு ஏறக்குறைய அரைக் கிலோ குறையும். உடல் சிறுத்துச் செலவும் குறையக் குறைய, இறங்கும் வேகமும் குறையும். பெட்டி செய்வது, அந்தக் கணக்கை நமக்காக வேறொருவர் போட்டுத் தருவது. முதல் வாரத்திலேயே மூன்று கிலோ என்று உன் விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்களே, அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உடல் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும்; சாப்பாடு குறைந்ததும் அது கரைய, தண்ணீரும் உடன் போய்விடுகிறது.

ஆறாவது மாதம் நான் சந்தாவை நிறுத்தினேன். அன்று இரவு கையில் கரண்டியோடு அடுப்புக்கு முன்னால் நின்றபோதுதான் தெரிந்தது, ஐந்து மாதத்தில் என் இடுப்பு கற்றுக்கொண்டதை என் கை கற்றுக்கொள்ளவே இல்லை என்பது. எத்தனை கரண்டி போட்டால் அந்தக் குழி நிரம்பும்? தெரியாது. பழைய கை பழையபடியே அள்ளியது. ஒரு வருடத்தில் எட்டில் ஆறு கிலோ திரும்பி வந்தது.

ஆய்வுகளும் ஒரு விதத்தில் இதைத்தான் காட்டுகின்றன, ஆனால் அவற்றைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஆயத்த உணவையும் ஆலோசகரையும் சேர்த்தே விற்றுவந்த ஜென்னி கிரெய்க் திட்டத்தில் 442 பெண்களைச் சேர்த்து நடத்திய இரண்டாண்டு ஆய்வு 2010-இல் வெளியானது. நேரில் ஆலோசனை பெற்றவர்கள் இரண்டாண்டு முடிவில் சராசரியாக 7.4 கிலோவும், தொலைபேசியில் பெற்றவர்கள் 6.2 கிலோவும், வழக்கமான அறிவுரையோடு விடப்பட்டவர்கள் 2 கிலோவும் குறைந்திருந்தார்கள். நல்ல எண்கள்தான். ஆனால் அந்தப் பெண்களுக்கு உணவும் இலவசம், ஆலோசனையும் இலவசம். ஆய்வுக்குப் பணம் கொடுத்ததும் அதே நிறுவனம். கணக்கு எழுதிப் பிழைத்தவள் என்பதால் என் கண் முதலில் அந்த வரியில்தான் போய் நின்றது. இரண்டு ஆண்டுக்கு இலவசமாக வந்துகொண்டே இருக்கும் உணவும், ஒவ்வொரு மாதமும் உன் சம்பளத்தில் பிடிக்கும் உணவும் ஒன்றல்ல. அதோடு, 1983-இல் தொடங்கிய அந்த நிறுவனம் 2023-இல் அமெரிக்காவில் தன் மையங்களை மூடியபோது, அதன் பெட்டியை மட்டுமே நம்பி உணவு ஒழுங்கைக் காத்தவர்கள் மறுவாரம் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

கூட்டத் திட்டங்களின் பழக்கம் இன்னும் பழையது. 1960-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஜீன் நிடெட்ச் என்ற இல்லத்தரசி, தன்னைப் போலவே பருமனாக இருந்த தோழிகளை வீட்டுக்கு அழைத்துப் பேசத் தொடங்கியதுதான் 1963-இல் வெயிட் வாட்சர்ஸ் நிறுவனமானது. அந்த நிறுவனத்தின் திட்டத்தை வைத்து இங்கிலாந்தில் 1,267 பேரிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ஓராண்டு முழுவதும் சென்றவர்கள் அந்த ஆண்டு முடிவில் சராசரியாக 6.8 கிலோவும், பன்னிரண்டு வாரம் மட்டும் சென்றவர்கள் 4.8 கிலோவும், ஒரு கையேட்டை மட்டும் வாங்கிப் போனவர்கள் 3.3 கிலோவும் குறைந்திருந்தார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் அது முறையே 4.3, 3, 2.3 கிலோவாகச் சுருங்கியது. ஆகவே கூட்டத்துக்குப் போனாலும் எடை திரும்பி வரத்தான் செய்கிறது. ஆனால் நீண்ட நாள் போனவர்களுக்கு மிஞ்சியது அதிகம்.

நான் போன கூட்டத்தில் என்னைவிடப் பத்து வயது மூத்த ஒரு பெண்மணி, எடை பார்க்கும் முன் செருப்பு, கைக்கடிகாரம், தோடு, கடைசியில் மூக்குக்கண்ணாடி வரை கழற்றி வைத்துவிட்டு ஏறுவார். கண்ணாடி இல்லாததால் முள் எங்கே நிற்கிறது என்று அவருக்கே தெரியாது, நாங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும். சிரித்துக்கொண்டே இருந்தோம், ஆனால் ஒருவர் கூட ஒரு வாரம் தவறவில்லை. அங்கேதான் நான் ஒவ்வொரு கரண்டியையும் அளந்து எழுதப் பழகினேன். அலுப்பான வேலைதான். அதை நடத்தியவர் மருத்துவரோ உணவியல் நிபுணரோ அல்லர், தானும் இளைத்த ஓர் உறுப்பினர். சத்தைப் பற்றி ஒரு சிக்கலான கேள்வி கேட்டால் புத்தகத்தைப் புரட்டுவார். அதை நீ எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம் வராது.

பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருப்பதையும் பார். நீ அனுப்பிய படத்தில் ஒரு பெட்டிக்குச் சோடியம் 700 மில்லிகிராம். மூன்று வேளைக்கு 2,100; ஒரு நாளைக்கு 2,000-க்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். உன் அப்பாவின் இரத்த அழுத்தம் உனக்கும் வராது என்று யார் சொன்னது? புரதமும் நார்ச்சத்தும் குறைவாக இருந்தால் ஒன்பது மணிக்கே பசித்து அலமாரியைத் திறப்பாய், நானும் திறந்திருக்கிறேன். நாளொன்றுக்கு 800 கலோரிக்கும் குறைவாகத் தரும் திட்டம் எதையாவது காட்டினால், மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் அதன் பக்கம் போகாதே. மிக வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் சேருவதுண்டு.

ஆகவே உன் நிலைமைக்கு நான் சொல்வது இது. கூட்டத் திட்டத்தில் சேர், பன்னிரண்டு வாரத்துக்கு அல்ல, ஒரு வருடத்துக்கு என்று நினைத்துச் சேர். பெட்டியை முழுவதுமாக ஒதுக்க வேண்டாம். வேலை நாட்களில் நீ எட்டு மணிக்கு மேல் களைத்து வீடு திரும்பி, கையில் கிடைத்ததைத் தின்று படுக்கும் அந்த ஒரு வேளைக்கு மட்டும், இரண்டு மாதம் வாங்கு. அதையும் அந்தக் குழித் தட்டிலேயே சாப்பிடாதே. நீ தினமும் சாப்பிடும் தட்டில் கொட்டி, அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று பார்த்துவிட்டுச் சாப்பிடு. மூன்றாம் மாதம் நீயே சமைத்து அதே இடத்தை நிரப்பு. விடுமுறை நாட்களில் பெட்டி வேண்டவே வேண்டாம். அன்றுதான் உன் கைக்குப் பயிற்சி.

பணம் கட்டுவதற்கு முன் இன்னொன்று. எனக்குப் பெட்டி அனுப்பிய நிறுவனத்தில், நான் நிறுத்தச் சொன்ன பிறகும் இரண்டு மாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டிருந்தது. சந்தா முடியும் நாளுக்குப் பதினைந்து நாள் முன்பே எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்ற விதி, ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது. முப்பது வருடம் கணக்கு எழுதியவள் தன் ஒப்பந்தத்தைப் படிக்கவில்லை என்று உன் அப்பா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். நீ ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தத்தையும் கையில் வைத்துக்கொண்டு, சந்தாவை ரத்து செய்யும் விதியை மட்டும் எனக்கு உரக்கப் படித்துக் காட்டு. அதுவரை எதிலும் கையெழுத்துப் போடாதே.

அன்புடன்,
அம்மா