கழிவு கண்ணாடியாவது நல்லதே

ஆசிரியர் அவர்கட்கு,

கடந்த ஞாயிறு வாசகர் பக்கத்தில் அன்பர் ஒருவர், இந்தியாவின் கூடங்குளத்தில் அணுக்கழிவைக் கண்ணாடிப் போத்தல்களில் அடைத்து வைக்கிறார்களாம், அவை உடைந்தால் 300 கிலோமீற்றர் தள்ளியிருக்கும் எங்கள் கதி என்ன என்று கேட்டிருந்தார். பயப்படுவதில் பிழையில்லை. ஆனால் அங்கே போத்தல் எதுவும் இல்லை.

அணு உலையில் எரிந்து முடிந்த எரிபொருளை அமிலத்தில் கரைத்து, யுரேனியத்தையும் புளூட்டோனியத்தையும் பிரித்தெடுத்த பிறகு, கடும் கதிர்த்தொழிற்பாடுள்ள திரவம் மிஞ்சும். அதை வற்றவைத்து, போரன் சேர்ந்த போரோசிலிக்கேற்றுக் கண்ணாடித் துகளுடன் ஏறத்தாழ 1100 பாகை செல்சியசில் உருக்குகிறார்கள். (எங்கள் அம்பன் மணலில் கிடக்கும் அதே சிலிக்காதான் மூலப்பொருள்.) சீசியம், ஸ்ட்ரொன்சியம் முதலிய மூலகங்கள் கண்ணாடியின் கட்டமைப்போடு ஒன்றிவிடும். அந்தக் குழம்பைத் துருப்பிடிக்காத உருக்குக் கலன்களில் ஊற்றி இறுகவிடுவார்கள்.

மழைத்துளி பட்டு அரிக்கன் லாம்புச் சிமினி படீரென்று வெடித்த நாட்கள் என் வயதுக்காரருக்கு மறந்திராது. ஆய்வுகூட முகவை அப்படி வெடிக்காததற்கு அதன் கண்ணாடியிலுள்ள போரன்தான் காரணம். கழிவுக் கட்டியும் ஆறும்போது கொஞ்சம் கீறல் விடும்தான். ஆனால் உள்ளே ஒழுகுவதற்குத் திரவம் இல்லை. தண்ணீர் பட்டாலும் மிக மெதுவாகவே கரையும். அதற்காகக் கதிர்வீச்சு நின்றுவிட்டது என்றில்லை. சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டு செல்லும். பல பத்தாண்டுகள் ஆறவைத்து, பிறகு ஆழப் புதைக்க வேண்டிய சாமான் அது.

என்னைக் கேட்டால், பயப்படவேண்டியது கண்ணாடியாகாமல் கிடக்கும் திரவத்துக்குத்தான். 1957 செப்ரெம்பரில் சோவியத் ஒன்றியத்தின் மாயாக் அணு ஆலையில் குளிரூட்டல் பழுதாகி ஒரு கழிவுத் தொட்டி வெடித்தது. சுற்றியிருந்த ஊர்ச் சனம் இடம்பெயர்க்கப்பட்டது. அமெரிக்காவின் ஹான்போர்ட் அணு வளாகத்தில் நிலத்தடிக் கழிவுத் தொட்டிகள் 177. அவற்றில் பல ஒழுகியிருக்கின்றன. பிரான்ஸ் 1978 இலேயே மார்கூலில் கண்ணாடியாக்கும் ஆலையை இயக்கத் தொடங்கிவிட்டது.

இந்தியாவில் இந்த வேலை தாராப்பூர், துரொம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் நடக்கிறது, அன்பர் எழுதியதுபோலக் கூடங்குளத்தில் அல்ல. கல்பாக்கத்தில் இன்னும் கண்ணாடியாகாத திரவம் எவ்வளவு, அது எத்தனை ஆண்டுகளாகத் தொட்டியில் கிடக்கிறது என்பதைத் தங்கள் சென்னை நிருபர் விசாரித்து எழுதுவாரா?

இளைப்பாறிய இரசாயனவியல் ஆசிரியர்,
கரவெட்டி.