வாசிகசாலைத் திரைப்பட வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், பொருளாளர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் கூட்டம் மாதம் ஒருமுறை கூட வேண்டும் என்பது விதி. மூன்று மாதம் கூடவில்லை. அதில் ஒன்று நான் மறந்துபோனதால். ஐந்து படங்கள் திரையிட்டோம். முதல் நான்கைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை, மழைநாளில் ஏழு பேர் மட்டும் வந்ததைத் தவிர. ஐந்தாவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அதற்குத்தான் எதிர்ப்பு அதிகம்.

ஐந்தாவதாக 'கம்பெரலிய'வைப் போடலாம் என்றபோது, "பாட்டில்லாத சிங்களப் படத்துக்கு ஆர் வருவினம்?" என்று பொருளாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆரம்ப காலச் சிங்களப் படங்கள் தமிழ்நாட்டு ஸ்ரூடியோக்களில் எடுக்கப்பட்டவை. பாட்டு, நடனம், கோமாளி என்று எங்களுக்குத் தெரிந்த அச்சுத்தான். 1963இல் இயக்குநர் லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அதை எல்லாம் விட்டுவிட்டு, ஸ்ரூடியோவுக்குள் போகாமல், நிஜ இடங்களிலேயே முழுப்படத்தையும் எடுத்தார். 1965இல் டில்லித் திரைப்பட விழாவில் முதற்பரிசான தங்க மயில் கிடைத்தது. நடுவர் குழுத் தலைவர் சத்யஜித் ராய். இதைச் சொன்ன பிறகுதான் மண்டப வாடகைக்குக் காசு வந்தது.

படத்துக்கு மூலமான நாவலை மார்ட்டின் விக்கிரமசிங்க எழுதியது 1944இல். அதை எம். எம். உவைஸ் தமிழில் 'கிராமப் பிறழ்வு' ஆக்கியிருக்கிறார். எங்களிடம் இருந்த ஒரே பிரதியைப் பதினொரு பேர் முறைவைத்து வாசித்தோம்.

அன்று மாலை வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர் இரண்டு தடவை நின்றது. துணைவரிகள் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்ததால், தெற்கே காலி நகரில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் பக்கத்தில் நின்று தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். பாதியில் அவரும் நிறுத்திவிட்டார். யாரும் குறை சொல்லவில்லை. நந்தாவாக வரும் புண்யா ஹீந்தெனிய பேசுவதை விடப் பேசாமல் இருப்பதுதான் அதிகம். அதற்கு எதற்கு மொழிபெயர்ப்பு?

'மகாகெதர' என்ற பெரிய வீட்டில் வாழும் நந்தாவின் குடும்பத்துக்கு வருமானம் வற்றிவிட்டது, பெருமை வற்றவில்லை. ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வரும் பியல் குலத்தில் குறைவு என்று ஒதுக்கி, நல்ல குடும்பத்து ஜினதாசவுக்கு நந்தாவைக் கட்டிக்கொடுக்கிறார்கள். அவனிடம் குடும்பப் பெயரைத் தவிர வேறொன்றும் இல்லை. பிழைப்புத் தேடிப் போனவன் இறந்துவிட்டான் என்று நம்பி அவள் பியலை மணக்கிறாள். அப்புறம் தெரிகிறது, ஜினதாச அப்போது சாகவே இல்லை என்று.

"இது எங்கட நாற்சார் வீட்டுக் கதையெல்லோ" என்றார் ஓர் அம்மா, நடுவில் முற்றம் வைத்த எங்கள் பழைய வீடுகளை நினைத்து. வழக்கமாகப் படம் முடிய முன்னமே சைக்கிளை எடுக்கிறவர்கள் அன்று கேற்றடியில் நின்று, நந்தா யாருக்காக அழுதாள் என்று சண்டைபிடித்தார்கள். ஜினதாசவுக்காகத்தான் என்பது என் கட்சி. தலைவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். மண்டப வாடகை போகக் கையில் சொற்பமே மிச்சம்.

விக்கிரமசிங்கவின் அதே நாவல் தொடரிலிருந்து பீரிஸ் எடுத்த மற்ற இரண்டு படங்கள், 'கலியுகய'வும் 'யுகாந்தய'வும், வரும் ஆண்டுக்கு என் முன்மொழிவு. நல்ல பிரதி வைத்திருப்பவர்கள் தெரிவிக்கவும்.

'கிராமப் பிறழ்வு' இன்னும் திரும்பி வரவில்லை. பதிவேட்டில் கடைசிக் கையெழுத்து என்னுடையது போலத்தான் இருக்கிறது. வீட்டில் தேடுகிறேன்.

செயலாளர்