நல்லூர் ஐஸ்கிறீம் நினைவுகள்: எல்லாரும் எழுதுங்கோ

அன்பான நல்லூர் உறவுகளே, வணக்கம்.

இந்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில், யாழ்ப்பாணம் நல்லூர் கந்தசுவாமி கோயிலடி ஐஸ்கிறீம் கடைகளைப் பற்றிய நினைவுகளைச் சேர்க்கிறோம். திருவிழா 25 நாளும், சுவாமி வீதி சுற்றி முடிய, பட்டுப் பாவாடையும் வேட்டியுமாக ரியோ ஐஸ்கிறீம் கடைக்குள் நுழைந்த குடும்பங்கள் எத்தனை! பச்சை, மஞ்சள், றோஸ் நிறங்களில், ஜெலியும் கஜுவும் போட்டு, மேலே வேஃபர் குத்தி வரும் ‘ஸ்பெஷல்’ சாப்பிட்டால்தான் பிள்ளைகளுக்குத் திருவிழா.

1990இல் போரினால் யாழ் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. ஜாம் போத்தல் விளக்கில் படித்த அந்தத் தலைமுறைக்கு ஒரு கரண்டி குளிர் எவ்வளவு பெரிய விஷயம்! எங்களிடம் மிகக் குறைவாக இருப்பது அந்த ஆண்டுகளின் நினைவுகள்தான். தயவுசெய்து அம்மா, அப்பா, அம்மம்மாவிடம் கேட்டு எழுதுங்கோ. போரால் மூடியிருந்த, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை 2002இல் திறந்தபின் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகளோடு வந்து அந்தக் கடைகளில் சாப்பிட்டவர்களும் எழுதுங்கோ.

தட்டச்சு கஷ்டமென்றால் குரல் பதிவு போதும். ஆண்டு தெரிந்தால் சொல்லுங்கோ. பழைய படங்களை டொக்கியுமென்டாக அனுப்பினால் தெளிவு குறையாது. ஞாயிறு இரவு வரை வேறு ஃபோர்வேர்ட் செய்திகள் வேண்டாம்.