அரசியலையும் சமூகத்தையும் பிரித்துப் படிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு,

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் கலைக் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும் நேரம் இது. அரசியல் அறிவியல் எடுப்பதா, சமூகவியல் எடுப்பதா என்று வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் பல வீடுகளில் பேச்சு நடக்கிறது. ஒன்றை மேஜராக எடுங்கள், மற்றதைக் கைவிடாதீர்கள் என்பதே இந்தத் துறைகளில் பாடம் நடத்தும் எங்கள் பதில்.

காரணம் நம் பகுதியிலேயே இருக்கிறது. பெரம்பூர் பின்னி ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் உருவானது. 1921 வேலைநிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. புளியந்தோப்பு பற்றி எரிந்தது. அரசியல் அறிவியல் மட்டும் படித்தவருக்கு ஆலை நிர்வாகமும் நீதிக்கட்சி ஆட்சியும் போலீஸும் தெரியும். ஆதி திராவிடத் தொழிலாளர்களில் பலர் ஏன் அந்தப் போராட்டத்தில் நிற்கவில்லை என்று கேட்டால் பதில் வராது. சமூகவியல் மட்டும் படித்தவரோ ‘சாதிக் கலவரம்’ என்று எழுதி முடித்துவிடுவார். அன்று சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது, தலைவர்களுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் தடையுத்தரவு வாங்க முடிந்தது, தொழிற்சங்கச் சட்டம் 1926-இல்தான் வந்தது என்பதெல்லாம் அவர் கண்ணில் படாது.

அம்பேத்கரையும் இப்படித்தான் இரண்டாக வெட்டி வைத்திருக்கிறோம். ஒரு வகுப்பில் அவர் அரசியலமைப்பு வரைவுக்குழுத் தலைவர். அடுத்த வகுப்பில் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சாதியின் தோற்றம் பற்றிக் கட்டுரை வாசித்த ஆய்வாளர். தேர்தல் மேடைகளில் அடிபடும் ‘ஓட்டு வங்கி’ என்ற சொல்லே எம்.என். சீனிவாஸ் என்ற சமூகவியலாளர் மைசூர்ப் பகுதிக் கிராமம் ஒன்றை ஆராய்ந்தபோது கொடுத்ததுதான்.

சேர்த்துப் படிக்க வழி உண்டு. சேரும் முன்பே அலைடு பேப்பர் (துணைப் பாடம்) என்னென்ன என்று துறையில் கேளுங்கள். சேர்ந்த பிறகு மாற்றுவது கடினம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்து இணையப் படிப்புகள் மூலம் ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை எடுக்க பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2021 விதிகள் இடம் தருகின்றன. ஆனால் கல்லூரி முன்கூட்டியே ஏற்றால்தான் அந்தப் படிப்புக்கான கிரெடிட், மதிப்பெண் பட்டியலில் ஏறும். சான்றிதழை வாங்கிவிட்டு அப்புறம் போய்க் கேட்பவர்கள்தான் ஏமாறுகிறார்கள். 2022 முதல் ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கவும் அனுமதி இருக்கிறது: ஒன்று நேரடி வகுப்பு, மற்றது தொலைநிலை என்றால் சமாளிக்கலாம். தேர்வு தேதிகள் மோதுமா, அசல் டி.சி. கேட்பார்களா என்று முதலில் விசாரியுங்கள்.

வேலை பற்றிக் கவலைப்படும் பெற்றோருக்கு: யுபிஎஸ்சி முதன்மைத் தேர்வில் விருப்பப் பாடம் ஒன்றுதான். ஆனால் பொது அறிவு முதல் தாளில் இந்திய சமூகமும், இரண்டாம் தாளில் அரசியலமைப்பும் ஆட்சிமுறையும் வருகின்றன. எதைப் படித்தாலும் மற்றது வீண்போகாது.

கல்லூரிகளுக்கு ஒரு கோரிக்கை. இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரே களப்பணியை நடத்துங்கள். தேர்தல் ஆணையத்தின் படிவம் 20-இல் வாக்குச்சாவடி வாரியாக முடிவு இருக்கிறது. தபால் ஓட்டுகள் தனியாக வரும். ஒரு சாவடியைத் தேர்ந்து அதன் வாக்காளர் பட்டியலோடு தெருவுக்குப் போகலாம். 1,200 பேரில் 60 பேரைச் சந்திக்க வேண்டுமானால் இடைவெளி 20. 1 முதல் 20-க்குள் சீட்டுக் குலுக்கி 7 வந்தால் பட்டியலின் 7, 27, 47-ஆம் பெயர்கள் என்று போக வேண்டும்.

தவறு நடப்பது இதற்கு மேல்தான். 27-ஆம் ஆள் வீட்டில் இல்லையென்றால் மாணவர்கள் பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிவிடுகிறார்கள். காசிமேட்டில் காலை பதினோரு மணிக்குக் கதவைத் தட்டினால் கடலுக்குப் போனவரும் மீன் விற்கப் போனவரும் விடுபட்டு, வீட்டிலிருக்கும் முதியவர்களின் கருத்தே ஏரியாவின் கருத்தாகிவிடும். அதே ஆளை வெவ்வேறு நேரத்தில் மூன்று முறையாவது தேட வேண்டும். ‘யாருக்கு ஓட்டு போட்டீங்க’ என்று குடும்பத்தார் நடுவில் கேட்கவே கூடாது. பெரும்பாக்கம் மறுகுடியமர்வுக் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டவரின் பெயர் பழைய பட்டியலிலேயே இருந்தால் அதை அடித்துவிடாமல் தனியாகக் குறிக்க வேண்டும். ஆய்வில் கிடைக்கும் முக்கியமான தகவல்களில் அதுவும் ஒன்று.

இன்னொன்று: சாவடி எண்கள் தேர்தலுக்குத் தேர்தல் மாறும். எண்ணை நம்பாமல் தெருப் பெயர்களை ஒப்பிடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கு மாநகராட்சியின் பழைய 155 வார்டுகளின்படி எடுக்கப்பட்டது. இப்போது இருப்பவை 200. இரண்டையும் அப்படியே பொருத்திய ஆய்வேடுகளை வாய்மொழித் தேர்விலேயே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சமூக அறிவியல் ஆசிரியர்கள்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21